முயல் தின்னாமல் இருந்தால்: யாழ்ப்பாணத்தில் புதிதாக முயல் வளர்ப்பவர்களுக்கு

"நேற்றுப் பின்னேரம் வரைக்கும் நல்லாத்தான் துள்ளித் திரிஞ்சது தம்பி, விடியப் பார்த்தால் விறைச்சுப்போய்க் கிடக்குது." முயல் வளர்த்த வீடுகளில் இந்தக் கதையைக் கேட்காதவர் குறைவு. நாவூறு என்பார்கள், பாம்பு தீண்டிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் நடந்தது வேறு. அந்த முயலுக்கு ஒன்றிரண்டு நாளாகவே வருத்தம் இருந்திருக்கும். அது வெளியே காட்டவில்லை, வீட்டில் ஒருவரும் கவனிக்கவுமில்லை.

நாய்க்கு நொந்தால் முனகும், ஆடு கத்தி ஊரைக் கூட்டும். முயல் பிற விலங்குகளுக்கு இரையாகி வந்த இனம். தளர்ந்ததைத்தான் வேட்டை மிருகம் முதலில் பிடிக்கும் என்பதால், நோவை மறைத்து வைப்பது அதன் பிறவிக் குணம். கண்ணுக்குத் தெளிவாக வருத்தம் தெரிகிற நேரத்தில் நோய் பாதித் தூரம் போயிருக்கும். ஆகவே புதிதாக வளர்ப்பவர் நோய்களின் பெயர்களைப் பாடமாக்கத் தேவையில்லை. முயல் தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்ற இரண்டையும் காலையும் மாலையும் பார்க்கிற பழக்கம் இருந்தால் பாதி உயிர்களைக் காப்பாற்றலாம்.

சுகமாக இருக்கும்போதே செய்ய வேண்டியது

சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து வாரத்தில் ஒரு நாள் முயலை நிறுத்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். உரோமம் மூடியிருப்பதால் முயல் மெலிவது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும். இரண்டு கிலோ முயல் ஒரு வாரத்தில் நூறு நூற்றைம்பது கிராம் இறங்கினால், அது துள்ளித் திரிந்தாலும் ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுக்கிற அன்றே மேலுதட்டை விலக்கி முன்பல்லைப் பாருங்கள். முயலின் பல் சாகும்வரை வளரும், முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் அளவில் நீளும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசித் தேய வேண்டும். ஒன்று கோணலாக வெளியே வந்தாலோ உள்ளே சுருண்டாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். நகவெட்டியால் நறுக்கிவிட வேண்டாம், பல் நெடுக வெடித்து வேர்வரை போய்விடும். கடைவாய்ப் பல் வெளியே தெரியாது. நாடி நனைந்திருப்பது, கரட்டை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போடுவது, மென்மையான இலையை மட்டும் தெரிந்து தின்பது என்று அதன் அடையாளங்கள் வேறு மாதிரி வரும்.

காதுக்குள், பாதத்துக்கு அடியில், வாலுக்குக் கீழே என்று மற்ற இடங்களையும் அப்போதே பார்த்துவிடலாம். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழேயும் மற்றக் கை பின்பக்கத்தைத் தாங்கியும் இருக்க வேண்டும். முயலின் எலும்பு மெல்லியது, பின்காலின் உதை பலமானது. பின்பக்கம் தொங்கி அது திமிறினால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். மல்லாக்கப் பிடித்தால் அசையாமல் கிடக்கும், பிள்ளைகள் அதைச் சுகம் என்று நினைத்து விளையாடுவார்கள். அது பயத்தில் மரத்துப்போய்க் கிடக்கிறது. அந்த விளையாட்டு வேண்டாம்.

புழுக்கை சொல்லும் சேதி

சுகமான முயல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் புழுக்கை போடும். உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், காய்ந்ததாக இருக்கும். விரலால் நசித்தால் உள்ளே புல் நார் தெரியும். இதுதான் அளவுகோல்.

புழுக்கை சிறுத்து, கறுத்து, கோணல்மாணலாக வந்தால் குடல் மந்தமாகிறது என்று அர்த்தம். உரோமத்தில் கோத்த மணிமாலைபோல வந்தால் உரோமம் கொட்டுகிற காலம், புல்லைக் கூட்டிக் கொடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் அது அவசரம்.

இன்னொரு வகையும் உண்டு. மென்மையாக, பளபளப்பாக, கொத்தாக ஒட்டியிருக்கும், மணமும் கூட. இதை முயல் பெரும்பாலும் இரவிலும் விடியற்புறத்திலும் நேரே குதத்திலிருந்தே எடுத்துத் தின்னும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைக் கண்டு அருவருத்து மூக்கில் தட்டுவதுண்டு. தட்ட வேண்டாம். ஒருமுறை போன தீனியில் மிஞ்சிய சத்தை முயல் அப்படித்தான் இரண்டாம் முறை எடுக்கிறது. அது தின்னப்படாமல் கூட்டில் நசிந்து கிடந்தால்தான் யோசிக்க வேண்டும். தீனியில் மா, இனிப்பு கூடியிருக்கலாம், உடல் பருத்திருக்கலாம், குனிய முடியாத நோவு இருக்கலாம். நீராகக் கழிவது இவை எதிலும் சேராது. குட்டி முயலுக்கு நீராகக் கழிந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

சிறுநீரைப் பார்த்துப் பலர் வீணாகப் பயப்படுவார்கள். முயலின் சிறுநீர் மஞ்சள், செம்மஞ்சள், செங்கபிலம் என்று தின்ற இலையைப் பொறுத்து மாறும். சுண்ணாம்புபோல் கொஞ்சம் வெளிறிக் கலங்கியிருப்பதும் வழமை. முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் பெரும்பாலும் இலைச் சாயந்தான். தெளிந்த சிறுநீரில் இரத்தம் திட்டுத்திட்டாகத் தெரிந்தாலோ, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ காட்ட வேண்டும். நான்கு வயதைத் தாண்டிய பெட்டை முயலில் இரத்தம் கண்டால் தாமதிக்க வேண்டாம். அந்த வயதில் கருப்பைப் புற்றுநோய் அரிதான ஒன்றல்ல.

தின்னாத முயல்: மணிக்கணக்கில் என்ன செய்வது

முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழாலே போயாக வேண்டும், அதற்குக் குடல் ஓயாமல் அசைய வேண்டும். நோவு, பயம், வெப்பம், தண்ணீர்க் குறைவு, நார் குறைந்த தீனி என்று எதனாலும் அந்த அசைவு நிற்கலாம். நின்றால் வாய்வு சேரும், நோகும். நொந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் இன்னும் நிற்கும். வீட்டு முயல்கள் சாகிற காரணங்களில் இது முன்னுக்கு நிற்கிறது. பல்வலி, காதுநோவு, வெயில் என்று தொடங்கிய வருத்தங்களும் கடைசியில் இங்கேதான் வந்து முடியும்.

வழமையாக ஓடிவந்து வாங்குகிற இலையைக் கொடுத்துப் பாருங்கள். மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது தின்றது, கடைசிப் புழுக்கை எப்போது என்று வீட்டாரை விசாரியுங்கள். எட்டு மணித்தியாலம் தாண்டியிருந்தால் வைத்தியரைத் தேடத் தொடங்க வேண்டும், பன்னிரண்டு தாண்டினால் அவசரம். "நாளைக்குப் பார்ப்பம்" என்பது ஆட்டுக்குச் சரிவரலாம், முயலுக்குச் சரிவராது.

அடுத்தது இருப்பைப் பாருங்கள். முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி, வயிற்றை நிலத்தில் அழுத்துவதும் எழும்புவதுமாக இருந்தால் வயிற்று நோவு. பல்லை நறநறவென்று சத்தமாகக் கடித்தாலும் நோவுதான். தலையைத் தடவும்போது மெல்ல அரைக்கிற சத்தம் வேறு, அது சுகத்தில் வருவது. காதைத் தொட்டுப் பாருங்கள். முயலின் உடல் வெப்பம் 38.5 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். நம்முடைய காலநிலையிலும் காது குளிர்ந்து கிடந்தால் உடல் தளர்கிறது என்று பொருள்.

பிறகு வயிறு. விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரல்களால் மெதுவாகத் தடவுங்கள். அமத்த வேண்டாம். சுகமான வயிறு இளக்கமாக இருக்கும். திடீரென்று சோர்ந்து, வயிறு மத்தளம்போல் விறைத்து ஊதியிருந்தால் குடல் அடைபட்டிருக்கலாம். அந்த முயலுக்கு வாயால் ஒன்றும் ஊட்டாதீர்கள், வயிற்றைப் பிசையாதீர்கள், உடனே கொண்டு ஓடுங்கள். வைத்தியரிடம் போகும்வரை வீட்டுக் கைமருந்து எதுவும் வேண்டாம்.

வயிறு இளக்கமாக அல்லது பிசைந்த மாப்போல் இருந்து, முயல் விழிப்போடும் இருந்தால், வைத்தியரிடம் போகிறவரைக்கும் செய்யக்கூடியவை சில உண்டு. காது குளிர்ந்திருந்தால் வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், விலகிப் போகவும் இடம் விடுங்கள். தண்ணீரைக் கிண்ணத்தில் வையுங்கள், வருத்தமான முயல் போத்தல் குழாயில் உறிஞ்ச மினக்கெடாது. கழுவிய இலையை ஈரத்தோடேயே கொடுங்கள். அறுகம்புல், கொத்தமல்லித் தழை, வல்லாரை போன்றவை மணத்தால் இழுக்கும். தரையில் விட்டு நாலடி நடக்க வையுங்கள், நடப்பது குடலை அசைக்கும்.

அப்போதும் தின்னாவிட்டால் ஊட்ட வேண்டும். முயல் பெலற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கூழாகக் கரைத்து வடித்துக்கொள்ளுங்கள். பாமசியில் ஊசியில்லாத சிறிஞ்ச் வாங்கலாம். முயலைத் துவாயில் சுற்றி நேராக இருத்தி, முன்பல்லுக்குப் பக்கவாட்டில் இருக்கிற இடைவெளியால் சிறிஞ்சை விட்டு, அரை மில்லிலீற்றர் ஒரு மில்லிலீற்றராக விடுங்கள். மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு கிலோ நிறைக்கு ஒரு வேளைக்கு பத்து மில்லிலீற்றர் என்ற கணக்கில், நாளுக்கு நான்கைந்து முறை போதும். விழுங்கவே தெம்பில்லாமல் கிடக்கிற முயலுக்கு ஊட்டாதீர்கள்.

ஊட்டியதும் தேறியதுபோல் தெரிந்தாலும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். நோவுக்கு மருந்தும் தோலுக்குக் கீழ் சேலைனும் அங்கேதான் கிடைக்கும். நோவு போகாமல் குடல் அசையத் தொடங்காது.

வெயில்

முயலுக்கு உகந்த வெப்பம் 15 முதல் 20 பாகை. 28ஐத் தாண்டினால் அது கஷ்டப்படத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் பெரும்பகுதி பகல் 30 பாகைக்கு மேலேதான், ஆகவே இங்கே வளர்கிற முயல் எப்போதும் விளிம்பிலேயே நிற்கிறது. பங்குனி, சித்திரையில் சோளகம் எழும்புவதற்கு முன்னர் காற்றே இல்லாத நாட்கள் மிகவும் மோசம். முயலுக்கு வியர்க்காது, நாயைப்போல் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துச் சூட்டை விடவும் தெரியாது. காதுகளால்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது.

காது சிவந்து கொதிப்பது, மூக்கைச் சுற்றி நனைவது, நீட்டிப் படுத்தபடி வேகவேகமாக மூச்சு வாங்குவது முதல் அடையாளங்கள். வாயைத் திறந்து மூச்செடுத்தால் நிலைமை கைமீறுகிறது. முயல் மூக்கால் மட்டுமே மூச்செடுக்கிற பிராணி, எந்த வருத்தத்திலும் வாய் திறந்த மூச்சு அவசரம்.

உடனே நிழலுக்குக் கொண்டு வாருங்கள். சாதாரணக் கிணற்றுத் தண்ணீரில் துணியை நனைத்துக் காதுகளையும் பாதங்களையும் துடையுங்கள், விசிறியைப் போடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், வாளிக்குள் அமிழ்த்தவும் வேண்டாம். திடீர்க் குளிர் அதிர்ச்சியே கொன்றுவிடும். எழும்பி நடந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகும் தெரியவரலாம்.

வராமல் தடுப்பது இதைவிட எளிது. தகரத்துக்குக் கீழே கூடு வைக்காதீர்கள். வேறு வழியில்லையென்றால் தகரத்தின் மேல் கிடுகோ பனையோலையோ போடுங்கள். காலையில் நல்ல நிழலாக இருந்த இடம் பின்னேரம் இரண்டு மணிக்கு வெயிலில் நிற்கும், அந்த நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் கூட்டின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். தண்ணீர்ப் போத்தலை உறையவைத்துத் துணியில் சுற்றிக் கூட்டுக்குள் வைத்தால் முயல் தானாகவே போய்ச் சாய்ந்துகொள்ளும். சடை வளர்ந்த அங்கோரா வகைகளை இந்த ஊருக்கு வாங்குவது பாவம் என்பது என் எண்ணம்.

மாரியில் வருபவை

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொல்லை வேறு பக்கத்தால் வரும். பின்பக்கம் ஈரமும் அழுக்குமாக இருக்கிற முயலில் இலையான் முட்டை இடும், ஒரு நாளைக்குள்ளேயே புழுவாகி உயிருள்ள தசையைத் தின்னத் தொடங்கும். மழைக்காலத்தில் வாலுக்குக் கீழே தினமும் பாருங்கள். புழுவைக் கண்டால் சாமணத்தால் எடுக்கக்கூடியதை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, நேரே வைத்தியரிடம் போங்கள். மாட்டுப் புண்ணுக்குப் போடுவதுபோலக் கற்பூரம், பினைல், மண்ணெண்ணெய் எதுவும் போடாதீர்கள்.

நனைந்த, சேறு பட்ட புல்லோடு கொக்சிடியா என்ற ஒட்டுண்ணி வரும். பால் மறந்த குட்டிகளைத்தான் அது பிடிக்கும்: வயிறு பானையாக ஊதும், முதுகெலும்பு துருத்தும், கழியும். ஒரு குட்டிக்குக் கண்டால் மற்றவற்றையும் சேர்த்தே காட்டுங்கள், கூட்டை அன்றாடம் உலர்த்துங்கள்.

வாடை தொடங்கும்போது தும்மலும் தொடங்கும். ஓரிரு தும்மல் தூசியாக இருக்கலாம். மூக்கில் வெள்ளைச் சளி, முன்கால்களின் உட்பக்கத்தில் உரோமம் ஒட்டிக் காய்ந்திருப்பது இரண்டும் சேர்ந்தால் பக்றீரியாத் தொற்று. முயல் கையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அந்த அடையாளத்தை விட்டுவிடும்.

காதும் தோலும்

காதுக்குள் கபில நிறத்தில் பொருக்குப் படிந்து, முயல் தலையை உதறினால் காதுச் செள். பொருக்கைச் சுரண்டாதீர்கள், கீழே பச்சைப் புண்தான் இருக்கும். மருந்து ஏறினால் அது தானாக உதிரும். மூக்கு நுனி, விரல் நுனி, காது விளிம்பு வெள்ளையாகப் பொரிந்தால் சொறிச் செள். அது கையாளுகிறவருக்கும் கடி கொடுக்கும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஐவமெக்ரின்தான் மருந்து, ஒன்றிரண்டு வாரம் விட்டு மறுபடி கொடுக்க வேண்டும். மாட்டுக்கென்று வருகிற மருந்தை வீட்டில் கண்மட்டத்துக்கு ஏற்றாதீர்கள். வேப்பெண்ணெய் பூசுவதும் வழக்கம், ஆனால் பூசிய எதையும் முயல் நக்கித் தீர்த்துவிடும்.

கம்பி வலைத் தரையில் நிற்கிற முயலுக்குப் பின்பாதம் உரோமம் போய்ச் சிவந்து புண்ணாகும். ஒரு பலகைத் துண்டோ, சாக்கு மேல் வைக்கோலோ போட்டால் பாதி வருத்தம் போய்விடும்.

தலை ஒரு பக்கம் சரிந்து, நடக்கும்போது சுற்றிச் சுற்றி விழுந்தால் நடுக்காது அல்லது மூளை சம்பந்தப்பட்டது. இது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் தேறக்கூடியது, கைவிடாதீர்கள்.

கொடுக்கக் கூடாதவை

வீட்டில் மிஞ்சிய குளிசையை உடைத்துக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் பலமாக உண்டு. அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டமைசின், எரித்திரோமைசின் ஆகியவற்றை முயலுக்கு வாயால் கொடுத்தால் குடலின் நல்ல பக்றீரியாக்கள் அழிந்து, நஞ்சு சுரக்கிற வகை பெருகி, கழிந்து செத்துவிடும். நாய், பூனைக்கு உண்ணி விழப் பூசுகிற ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. பனடோலும் உங்கள் கணக்கில் வேண்டாம். முயல் அதிகம் பார்க்காத வைத்தியர் ஒருவர் அமொக்சிசிலின் எழுதினால், "டொக்டர், இது முயலுக்கு வாயால் குடுக்கலாமோ, வேற இருக்கோ?" என்று பணிவாகக் கேளுங்கள். என்ரோஃப்ளொக்சசின் போன்று முயலுக்குப் பழகிய மருந்துகள் உண்டு. நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார்.

தீனியிலும் சில உண்டு. ஆட்டுக்குக் குழை வெட்டுகிற கையோடு முயலுக்கும் போடுவதுதான் இங்கே வழமை. வேலிக் கதியாலில் நிற்கிற கிளிரிசிடியாவும் இப்பில் இப்பிலும் ஆட்டுக்குச் சரிவந்தாலும் முயலுக்குக் கூடாது, இப்பில் இப்பில் தொடர்ந்து தின்றால் உரோமம் கொட்டும். மரவள்ளி இலை, வெங்காயத் தாள் வேண்டாம். புல் அறுக்கும்போது பாத்தீனியம் கலந்துவிடாமல் பாருங்கள். தோட்டப் பக்கத்துப் புல்லில் மருந்தடித்த நாளை விசாரியுங்கள். முருங்கையும் அகத்தியும் சுண்ணாம்புச் சத்துக் கூடியவை, கொஞ்சமாகக் கொடுக்கலாம். கோழித் தீவனத்தில் சேர்க்கிற சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு, பாணும் விசுக்கோத்தும் குடலை மந்தமாக்கும். தீனியில் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். அறுகு, கினிப்புல் இரண்டையும் நிழலில் உலர்த்தி மாரிக்கும் சேர்த்து வைக்கலாம்.

வைத்தியரிடம் போகும்போது

பிரதேசத்து அரச கால்நடை வைத்தியர் அலுவலகங்களுக்கு வருவது பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி. தனியார் நிலையங்களில் நாயும் பூனையும். ஆகவே முயல் சுகமாக இருக்கிற நாளிலேயே இரண்டு மூன்று இடங்களுக்கு அழைத்து, முயல் பார்ப்பார்களா, இரவிலும் ஞாயிறிலும் யாரைக் கேட்கலாம் என்று விசாரித்து எழுதி வையுங்கள். சிக்கலான சத்திரசிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் ஏ9 வீதியில் அவ்வளவு தூரத்தையும் தளர்ந்த முயல் தாங்குமா என்பதை முதலில் இங்குள்ள வைத்தியரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள்.

காற்றுத் துளையிட்ட காட்போட் பெட்டியில் துவாய் விரித்து, கொஞ்சம் புல்லும் போட்டுக் கொண்டு போங்கள். சோடியாக வளர்ந்த முயல் என்றால் இரண்டையும் சேர்த்தே கொண்டு போவது நல்லது. துணை பக்கத்தில் இருந்தால் பயம் குறையும், திரும்பி வரும்போது மருந்து மணத்தால் அடிபடவும் மாட்டாது. ஓட்டோவில் வெயில் படாத பக்கமாகப் பிடியுங்கள், மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நிறை எழுதிய கொப்பியையும், கடைசிப் புழுக்கையில் கொஞ்சத்தை ஒரு பையிலும் கொண்டு போங்கள். நீங்கள் பத்து நிமிடம் சொல்வதை அது ஒரு பார்வையில் சொல்லிவிடும். சத்திரசிகிச்சைக்கு முன் நாய்க்குச் சொல்வதுபோல் "இரவு சாப்பாடு குடுக்காதேங்கோ" என்று யாராவது சொன்னால் திருப்பிக் கேளுங்கள். வாந்தி எடுக்காத பிராணியைப் பட்டினி போடத் தேவையில்லை, போட்டால் குடல் நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு முதலில் வருகிற புழுக்கைகள் சின்னதாகவும் உருக்குலைந்தும் இருக்கும், அது நல்ல செய்திதான். மூன்று நான்கு நாளுக்குப் புல்லும் இலையும் தண்ணீரும் மட்டும் போதும். அந்த வாரம் தினமும் நிறுங்கள். நன்றாகத் தின்கிற முயலின் நிறை ஏறாமல் நின்றாலோ, பத்து நாளுக்குள் மறுபடி தீனியை ஒதுக்கினாலோ, கடைவாய்ப் பல்லைப் பார்க்கச் சொல்லித் திரும்பவும் அதே வைத்தியரிடம் கொண்டு போங்கள்.